கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

மூன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளை வேலை கேட்டு வந்தால், நான் முதலில் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதில்லை. "உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குப்பா?" என்றுதான் கேட்பேன். வேதியியல் பாடம் எடுக்கிற மேடம், கூடுதல் பொறுப்பாக வேலைவாய்ப்புப் பிரிவையும் பார்க்கிறவர், பஸ்ஸைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று சில பிள்ளைகள் திகைப்பார்கள். ஆனால் எட்டரைக்கு மேல் பஸ் இல்லாத ஊர்ப் பெண்ணுக்கு இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிகிற வேலை கிடைத்தால், அதை அவளால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அவளுக்குத் திறமை இருக்கிறதா, சம்பளம் போதுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே இருக்கிற உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி எங்களுடையது. ராஜபாளையத்து நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கிற தறிகள், சிவகாசியின் அச்சகங்கள், பட்டாசு ஆலைகள் ஆகியவற்றில் உழைக்கிறவர்களின் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இவர்கள்தான் முதல் பட்டதாரி. அப்பாவுக்கு மில்லைத் தெரியும், அம்மாவுக்கு நூறு நாள் வேலையைத் தெரியும். ஓர் அலுவலகத்துக்குள்ளோ ஆய்வகத்துக்குள்ளோ காலையிலிருந்து மாலை வரை என்ன நடக்கும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

என் வீடும் அப்படித்தான் இருந்தது. அப்பா மில் தொழிலாளி. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து விசாரித்தார்கள். எல்லோருமே என் அப்பா வேலை பார்த்த மில்லிலோ அதற்கு அடுத்த மில்லிலோ இருந்தவர்கள். கடைசியில் எனக்கு வழி சொன்னது, அப்பா டீக்கடையில் எப்போதாவது பார்த்துப் பேசுகிற ஒருவர். மருத்துவப் பஞ்சு தயாரிக்கிற ஓர் ஆலையில் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். "எங்க லேபுல கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளை வேணும்னு சொன்னாக. பொண்ணு படிச்சிருக்குல்ல, வரச் சொல்லுங்களேன்" என்று போகிற போக்கில் சொன்னார். அவர் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஆய்வகத்தில் என் முதல் வேலை, பஞ்சைத் தண்ணீரில் போடுவது. கம்பிக் கூட்டுக்குள் அளவாகப் பஞ்சை வைத்துத் தண்ணீரின் மேல் மெதுவாக விட வேண்டும். பத்து வினாடிக்குள் அது மூழ்கினால்தான் காயத்துக்கு வைக்க உகந்த பஞ்சு. கையில் ஸ்டாப்வாட்ச். பிறகு பஞ்சை ஊறவைத்த நீரில் அமிலமோ காரமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புற ஊதா விளக்கின் கீழே பிடித்து, மினுங்குகிற அந்நிய இழை இருக்கிறதா என்று தேட வேண்டும். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் அந்த மூட்டை லாரியில் ஏறாது. ஒரு வேலை மனிதரை எப்படி நிமிர வைக்கும் என்பதை அங்கேதான் அறிந்தேன். சம்பளம் குறைவுதான். ஆனால் காலை ஒன்பதுக்குப் போய் ஆறுக்குள் வீடு திரும்ப முடிந்தது. மாலையில் முதுகலைக்குப் படிக்க முடிந்தது. இன்று நான் கரும்பலகையின் முன் நிற்பதற்கு அந்த மாலை நேரங்கள்தான் காரணம்.

பின்னாளில் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது அந்த பாய்லர்காரர் நினைவுக்கு வந்தார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டன் நகரத்தில், புதிதாக வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்திருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள்தான் உதவியிருக்கிறார். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும், தூரத்து ஆட்களோ வேறோர் உலகத்தில் நடமாடுகிறவர்கள் என்கிறார் அவர். எங்கள் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நெருங்கிய சொந்தத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு விசேஷம் என்றால் மண்டபம் நிறையும். அந்த மண்டபம் முழுக்கத் தேடினாலும் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தைப் பற்றியோ ஏற்றுமதி நிறுவனத்தைப் பற்றியோ சொல்ல ஒருவர் கிடைக்கமாட்டார். அந்தத் தூரத்து ஆளாக ஆசிரியர் இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். வேலைவாய்ப்புப் பிரிவு என்ற அறைக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை.

அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பழைய மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதோடு, அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதையும் அதில் எழுதிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு மேம்" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "நேத்து காலையில போனதுல இருந்து என்னென்ன செஞ்சேன்னு சொல்லு" என்று கேட்டால் எல்லாம் வந்துவிடும். எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, சூப்பர்வைசர் பிழையைச் சொல்லிக்கொடுப்பாரா திட்டுவாரா, மாதக் கடைசியில் சம்பளம் தேதிக்கு ஏறுகிறதா. பக்கத்தில் இருக்கிற ஆலைகளுக்கு நானே போய்ப் பார்த்து வருவேன். ஹெச்.ஆர். அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பினால் போதாது, உள்ளே வேலை நடக்கிற இடம் வரை போக வேண்டும்.

பிள்ளையைத் தெரிந்துகொள்வது இதில் மறுபாதி. என்னிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்த மூத்த பேராசிரியர் ஒருவர், "தேர்வுத்தாள் திருத்துறப்ப பாக்குறதவிட, கல்லூரி விழா அன்னைக்கு யாரு என்ன செய்றாங்கன்னு பாரும்மா" என்றார். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மைக் பிடிக்கிறவர்களை எல்லோரும் கவனிப்பார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை எண்ணி வாங்கிக் கணக்கு எழுதிவைக்கிற பிள்ளை யார், வந்த விருந்தினரைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடுகிற பிள்ளை யார், எல்லோரும் போன பிறகு நாற்காலியை அடுக்குகிற பிள்ளை யார் என்று நான் பார்ப்பேன்.

ஒரே வகுப்பில் இரண்டு பேர் இருந்தார்கள். அந்தப் பெண் டைட்ரேஷன் செய்யும்போது பியூரெட்டின் வாசிப்பு 9.8, 9.9 என்று வந்தால், யாரும் சொல்லாமலே மூன்றாவது முறையும் செய்து பார்ப்பாள். நோட்டில் எண்ணை மாற்றி எழுதமாட்டாள். அந்தப் பையனுக்கு அவளைவிட மதிப்பெண் அதிகம். ஆனால் ஆய்வகத்தில் அவனால் அரை மணி நேரம் ஓரிடத்தில் நிற்க முடியாது. விழா மலருக்கு விளம்பரம் வாங்கி வரச் சொன்னால் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்குவான். முதல் தடவை முடியாது என்ற கடைக்காரரிடம் மறுநாள் சிரித்த முகத்தோடு போவான். மதிப்பெண்ணைப் பார்த்தால் ஆய்வக வேலைக்கு அவனைத்தான் அனுப்ப வேண்டும். நான் அவளை விருதுநகரில் ஓர் எண்ணெய் ஆலையின் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வருகிற எண்ணெயில் கொழுப்பு அமிலம் எவ்வளவு, அயோடின் எண் எவ்வளவு என்று நாள் முழுக்க டைட்ரேஷன்தான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது அவளுக்குச் சலிக்கவில்லை. எண்கள் ஒத்துவரும்போது மனசு நிறைகிறது என்று சொன்னாள். அவன் மருந்து நிறுவனத்துப் பிரதிநிதி ஆனான். அறிவியல் பட்டம் அந்த வேலைக்கு வாசல். அதற்குப் பிறகு வேண்டியது டாக்டரின் அறை வாசலில் பொறுமையாகக் காத்திருந்து, கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் சொல்ல வந்ததைச் சொல்கிற திறம். அவனுக்கு அது பிறவியிலேயே இருந்தது.

பட்டம் இதுதான், ஆகவே வேலை இதுதான் என்று கோடு போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. "பேக்கேஜ் எவ்வளவு மேம்?" என்ற கேள்வியைப் பிள்ளைகளின் வாயில் போட்டதும் நாம்தான். கல்லூரி வாசலில் பிளக்ஸில் நாம் பெரிதாக அச்சடிப்பது அந்த எண்ணைத்தானே.

அந்த எண்ணையும் படிக்கத் தெரிய வேண்டும். ஆஃபர் லெட்டர் வந்ததும் பிள்ளையை அப்பா அம்மாவோடு வரச் சொல்லி, தாளை மேசையில் விரித்துவைத்துக் கூட்டிக் கழித்துக் காட்டுவேன். ஆண்டுக்கு 2,40,000 என்று போட்டிருந்தால் மாதம் 20,000 என்று வீடு கணக்குப் போடும். அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நிறுவனம் கட்டுகிற 12 சதவீத வருங்கால வைப்பு நிதி 1,200, பணிக்கொடைக்கு ஒதுக்குகிற 481, இ.எஸ்.ஐ.க்கு நிறுவனம் கட்டுகிற 3.25 சதவீதம், எல்லாம் அந்த 20,000-க்குள்ளேயே அடக்கம். பிறகு பிள்ளையின் பங்காக வைப்பு நிதிக்கு இன்னொரு 1,200, இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம். கைக்கு வருவது ஏறக்குறைய 16,400. சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அதில் பாதி போய்விடும். வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை அங்கேயே உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம்.

பிடித்தம் என்றால் பறிபோகிற பணம் என்று சில அப்பாக்கள் கோபப்படுவார்கள். வைப்பு நிதி பிள்ளையின் பெயரில் சேர்கிற பணம், வேலை மாறினாலும் கணக்கு எண் மாறாது என்று சொல்லிப் புரியவைப்பேன். இ.எஸ்.ஐ.யைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்வேன். அந்தத் திட்டத்துக்குள் வருகிற நிறுவனத்தில் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் அது உண்டு. பிள்ளையின் சம்பாத்தியத்தை நம்பியிருக்கிற பெற்றோருக்கும் அதில் மருத்துவம் பார்க்கலாம். சிவகாசியிலும் மதுரையிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரைக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குகிற அம்மா இருக்கிற வீட்டில், இ.எஸ்.ஐ. உள்ள 15,000 ரூபாய் வேலை, அது இல்லாத 17,000 ரூபாய் வேலையைவிட மேல். இந்தக் கணக்கை எந்தப் பாடப்புத்தகத்திலும் நாங்கள் சொல்லித்தருவதில்லை.

கன்சல்டன்சி என்ற பெயரில் முன்பணம் கேட்கிறவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்கிறேன். ஒரு மாணவி சேர்ந்த இடத்தில், பெயர் வேண்டாம், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவதற்கு முன் வேலையை விட்டுப் போனால் ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்று பத்திரம். அவளுடைய அப்பா ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஓர் உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் பெறலாம் என்கிறது. வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, அவள் அப்பாவோடு நானும் போனேன். சத்தம் போடவில்லை. சான்றிதழ் நகலைக் கொடுத்து அசலைக் கேட்டோம். வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தோம்.

அரசு வேலைக் கனவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 6,244 இடங்கள் என்று முதலில் அறிவித்தார்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். இதைச் சொல்லிப் பிள்ளைகளின் ஆசையைக் கலைக்க எனக்கு மனம் வராது. அரசாங்க வேலை என்பது இந்த வீடுகளுக்கு மரியாதை, மழைக்காலத்திலும் நிற்காமல் வருகிற சம்பளம். ஆனால் வேலைக்கே போகாமல் மூன்று நான்கு ஆண்டு அறைக்குள் உட்கார்ந்து படிக்கிற பிள்ளை, ஒவ்வொரு முடிவு வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்காது. அவர்களுக்கு நான் தேடுவது படிக்க நேரம் விடுகிற வேலை. பி.காம். படித்த ஒருவனுக்குத் தணிக்கையாளர் அலுவலகம் அப்படி அமைந்தது. ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்யும் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் முந்தைய நாட்களில் இரவாகும். மற்ற நாட்களில் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். அந்தத் தேதிகளை ஒதுக்கிவிட்டு அவன் படிப்பு அட்டவணை போட்டான். சம்பளம் பத்தாயிரம்தான். தேர்வு கைகொடுக்காவிட்டாலும் அவனிடம் ஒரு தொழில் இருக்கும்.

பயிற்சிப் பணியையும் அதே எண்ணத்தில்தான் சொல்கிறேன். 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டத்தின்படி பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. சென்னை தரமணியில் இருக்கிற தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தென் மாநிலங்களுக்கு அதைப் பார்த்துக்கொள்கிறது. 2019-இல் திருத்திய விதி, பட்டதாரிக்கு உதவித்தொகை மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தது. "ஒம்பதாயிரத்துக்கா இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த வேலை தனக்குப் பொருந்தும் என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு, அந்த ஓராண்டு உள்ளே இருந்து பார்த்துவிட்டு வரக் கிடைக்கிற வாய்ப்பு.

பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரில் போவேன். வெளியூர் என்றதும் மறுக்கிற பெற்றோரைப் பிற்போக்கானவர்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ராத்திரி வேலை முடிஞ்சு ரூமுக்கு வர்றப்ப கூட யாரு வருவா? காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் கொடுக்க யாரு இருக்கா?" நான் நிறுவனத்திடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் முக்கியமான இரண்டு இவை. வண்டி வசதி உண்டா, அதில் வேறு பெண்கள் வருவார்களா என்று எழுதி வாங்கினேன். பணிபுரியும் மகளிருக்கான அரசின் தோழி விடுதி அந்த ஊரில் இருந்தது. அங்கே இருக்கிற எங்கள் பழைய மாணவியிடம் போனில் பேசவைத்தேன். அந்த அம்மா அரை மணி நேரம் அவளிடம் பேசிவிட்டு, "சரிம்மா, போயிட்டு வரட்டும்" என்றார். எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. நன்றாகப் படித்த பெண்ணுக்கு அடுத்த வைகாசியில் கல்யாணம் என்று பத்திரிகை வரும்போது வாழ்த்திவிட்டு, ஆய்வகத்துக்குள் போய்ச் சற்று நேரம் தனியாக உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெண்ணுக்கு வேலை வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. நோட்டில் அவள் பெயரை அடிக்கமாட்டேன். கல்யாணமாகிப் போன ஊரில் என்ன இருக்கிறது என்று பிறகு தேடலாம்.

பொருத்தமான வேலை என்று இவ்வளவு பேசுகிறேன். பொருத்தம் பார்க்க அவகாசமே இல்லாத பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். இதை எழுதுகையில் கை தயங்குகிறது. கணிதத்தில் நல்ல தேர்ச்சி உள்ள ஒருவன் இறுதியாண்டுத் தேர்வு முடிந்த வாரம் வந்தான். அப்பா படுக்கையில். வட்டிக்கு வாங்கிய பணம் ஏறிக்கொண்டிருந்தது. "எதுனாலும் பரவாயில்ல மேம், அடுத்த மாசம் சம்பளம் வரணும்" என்றான். உனக்கு எது பிடிக்கும் என்று அவனிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. நூற்பாலையில் இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், அங்கேதான் சேர்த்துவிட்டேன். ஆனால் ஒன்றைப் பேசிவைத்துக்கொண்டோம். கடன் அடைகிற மாதம் எது என்று கணக்குப் போட்டோம். அதற்கு மூன்று மாதம் முன்பே அடுத்த வேலைக்குத் தேடத் தொடங்க வேண்டும், நானும் சேர்ந்து தேடுவேன் என்று சொன்னேன். அந்த மாதத்தை நோட்டில் குறித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே பேசுவான். நூல் அறுபடுவதைக் கணக்கெடுத்து, எந்த எந்திரத்தில் எந்த நேரத்தில் அதிகம் என்று தாளில் வரைந்து மேலாளரிடம் காட்டியிருக்கிறான். அவனுக்குள் இருந்த கணக்கு அங்கேயும் தனக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டது. ஆனாலும் அவன் அங்கேயே நின்றுவிட நான் விடமாட்டேன்.

இந்த வாரம் என் மேசையில் இருப்பது பி.ஏ. தமிழ் படிக்கிற ஒருவனின் காரியம். ஒற்றுப் பிழை அவன் கண்ணில் தப்பாது. கல்லூரிச் சுற்றறிக்கையிலேயே பிழை கண்டுபிடித்துத் தயங்கித் தயங்கி வந்து சொன்னவன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்க ஆள் தேவை என்கிறார்கள். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள், அதிலிருந்து மார்கழி வரை அங்கே ஓய்வே இருக்காது. தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒரு தாளில் தவறு போனால் அது எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்கும். அந்தப் பொறுப்புக்கு ஏற்ற பையன். ஊர் பஸ் எட்டு மணி வரை இருக்கிறது, அதையும் கேட்டுவிட்டேன். தை பிறந்த பிறகு அங்கே மெய்ப்புப் பார்க்க என்ன இருக்கும், பள்ளி நோட்டும் பாடநூலும் அச்சிடுவார்களா, சம்பளம் பன்னிரண்டு மாதமும் உண்டா என்பது மட்டும் தெரியவில்லை. சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போகிறேன். முதலாளியிடம் அந்தக் கேள்வியை அவனே கேட்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.